மோதலே இல்லாத இடத்துல யாரு வேலை பாக்குறா?

எங்க குடும்ப குரூப்ல யாரோ ஒரு ஆடியோவ ஃபார்வர்ட் பண்ணியிருந்தாங்க, "பூமி பாடுது கேளுங்க"ன்னு போட்டு. விடியக்காலைல மரம் முழுக்கக் குருவி கத்துற மாதிரி ஒரு நிமிஷம் கீச்சுக்கீச்சுன்னு ஓடுது, ஒவ்வொரு கீச்சும் கீழேருந்து மேல ஏறி முடியுது. காலேஜ்ல பிசிக்ஸ் படிக்கிற எங்க அக்கா பொண்ணு உடனே, "மாமா, விண்வெளில காத்தே கிடையாது, சத்தம் எப்படிப் போகும், இது ஃபேக்"னு போட்டா. ஃபேக் இல்லம்மா, அது மின்காந்த அலை, 2012ல மேல போன வான் ஆலன் ப்ரோப்ஸ்ங்கற ரெண்டு சாட்டிலைட் பதிவு பண்ணது, அதோட ஃப்ரீக்வென்சியே நம்ம காது கேக்குற அளவுல இருக்கறதால அப்படியே ஸ்பீக்கர்ல விட்டுட்டாங்கன்னு எழுதினேன். கொஞ்ச நேரம் கழிச்சு பதில் வந்துச்சு. "சரி மாமா, அலைன்னே வச்சுக்குவோம். அது அங்க இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

அந்த ரெண்டாவது கேள்வி என்னை விடவே இல்ல, ஏன்னா அது நியாயமான கேள்வி. இந்த அலைங்களப் பத்திப் பொதுவா எழுதுறவங்க "ஆஹா, எவ்வளவு அழகா இருக்கு"ன்னு சொல்லி அதோட நிறுத்திடுறாங்க. பாடப்புத்தகத்த எடுத்தா பூமிய சுத்தி ரெண்டு வளையம் வரைஞ்சு, கதிர்வீச்சுப் பட்டைன்னு பேர் போட்டு, உள்ள எலக்ட்ரானும் புரோட்டானும் மாட்டிக்கிட்டு சுத்துதுன்னு முடிச்சிடுறாங்க, அலைங்கற வார்த்தையே அங்க வராது. என்னைக் கேட்டா முக்கியமான ஆளையே விட்டுட்டுக் கதை சொல்ற மாதிரிதான் அது. வளையம் ஏன் ரெண்டா பிரிஞ்சு நிக்குது, நடுவுல ஏன் ஒரு காலி இடம், ஒரு காந்தப்புயல் (சூரியன்லேருந்து வர்ற வீச்சுல பூமியோட காந்தப்புலம் கலங்கறது) வந்தா ஏன் ஒரு தடவை எலக்ட்ரான் எண்ணிக்கை எகிறுது, இன்னொரு தடவை அதே மாதிரி புயல்ல ஏன் வத்திப்போகுது, இதுக்கெல்லாம் பதில்ல பெரும்பங்கு அந்தக் கீச்சுக்கீச்சுலயும் அதோட சொந்தக்காரங்ககிட்டயும்தான் இருக்கு.

அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். விண்வெளி சத்தம்னு சுத்துற எல்லாத்தையும் ஒரே தராசுல வைக்கக்கூடாது. 2022ல நாசா வெளியிட்ட பெர்சியஸ் கருந்துளைச் சத்தம் இருக்கே, அது 57, 58 ஆக்டேவ் (ஒவ்வொரு ஆக்டேவுக்கும் ஃப்ரீக்வென்சி ரெண்டு மடங்காகும்) மேல ஏத்தி நம்ம காதுக்குக் கொண்டு வந்தது. அந்த அளவுக்கு மாத்தினப்புறம் அது ஒரு தரவோட பிரதிநிதி, அவ்வளவுதான். பூமிய சுத்தி இருக்கற கோரஸ் (அந்த ஆடியோல கேட்ட கீச்சு), விஸ்லர் (விசில் மாதிரி கீழ இறங்கறது), ஹிஸ் (ஒரே இரைச்சலா இருக்கறது) எல்லாம் அப்படிக் கிடையாது, சில நூறு ஹெர்ட்ஸ்லேருந்து பல ஆயிரம் ஹெர்ட்ஸ் வரைக்கும், நாம பேசுற பாடுற அளவுலயே இருக்கு. ஒரு நீளமான கம்பி, ஒரு ஆம்ப்ளிஃபையர், ஒரு ஹெட்ஃபோன் போதும், கரண்ட் லைன் இரைச்சல் எட்டாத இடமா மட்டும் பாத்துக்கணும்.

காதுதான் முதல் கருவி

இத முதல்ல கண்டுபிடிச்சவங்க யாரும் விண்வெளிய ஆராயப் போகல. 1894 மார்ச் கடைசில பிரிட்டன்ல பெரிய ஆரோரா (துருவ ஒளி) தெரிஞ்ச ராத்திரி, தந்திக் கம்பில டெலிஃபோன மாட்டிக் கேட்ட ஆப்பரேட்டர்களுக்கு விசித்திரமான சத்தமெல்லாம் கேட்டுச்சுன்னு பிரிட்டன் தபால் துறை இன்ஜினியர் ப்ரீஸ் எழுதி வச்சிருக்கார். அப்புறம் முதல் உலகப்போர்ல ஜெர்மானியரான ஹைன்ரிக் பார்க்ஹவுசன், எதிரியோட ஃபோன் பேச்ச ஒட்டுக்கேக்கறதுக்காக மண்ணுல ரெண்டு கம்பிய நட்டு ஆம்ப்ளிஃபையர் வச்சார், பேச்சுக்கு நடுவுல உச்சத்துல ஆரம்பிச்சு சர்ருனு கீழ இறங்குற விசில் கேட்டுச்சு. போர்முனைல இருந்த வீரர்களுக்கு அது குண்டு பறந்து போற சத்தமாத்தான் பட்டுச்சாம். கருவில கோளாறான்னு பாத்து, இல்லன்னு தெரிஞ்சதும் 1919ல அத எழுதிப் பிரசுரிச்சார்.

இறங்குற அந்த விசிலோட மூலம் மின்னல். மின்னல் ஒரு நொடில ரொம்பச் சின்னப் பங்கு நேரத்துல எல்லா ஃப்ரீக்வென்சியையும் ஒண்ணா கொட்டும், அத பக்கத்துலேருந்து கேட்டா டக்குனு ஒரு க்ளிக். அதே அலைல கொஞ்சம் அயனமண்டலத்தை (வாயுமண்டலத்தோட மேல்பகுதில மின்னூட்டம் ஏறின அடுக்கு) தாண்டி மேல பிளாஸ்மாக்குள்ள (எலக்ட்ரானும் அயனியும் பிரிஞ்சு கிடக்கற வாயு) போயிட்டா, அங்க உயர் ஃப்ரீக்வென்சி வேகமாவும் தாழ்ந்தது மெதுவாவும் போகும். ஒண்ணா கிளம்பினதெல்லாம் வரிசையா வந்து சேரும், அதனால ஒரு க்ளிக் ஒண்ணு ரெண்டு செகண்டுக்கு இழுபட்ட விசிலா மாறிடும். இந்தக் கணக்க 1930கள்ல எக்கர்ஸ்லிங்கற பிரிட்டிஷ் ரேடியோ இன்ஜினியர் போட்டுட்டார். எவ்வளவு தூரம் எவ்வளவு பிளாஸ்மாக்குள்ள போச்சோ அவ்வளவு இழுபடும், அதனால விசிலோட இழுவைய அளந்தா அது வந்த பாதையப் பத்தித் தெரிஞ்சுக்கலாம். ஆனா அந்த அளவுக்கு இழுபடணும்னா அது எங்கதான் போயிட்டு வந்திருக்கணும்? இது இருபது வருஷத்துக்குத் தீராமயே கிடந்துச்சு.

ஒண்ணு மூணு அஞ்சு, ரெண்டு நாலு ஆறு

இந்தக் கதைல நான் திரும்பத் திரும்பப் போய் நிக்கற இடம் இதுதான். 1950களோட ஆரம்பத்துல கேம்பிரிட்ஜ்ல ஓவன் ஸ்டோரின்னு ஒரு ஆராய்ச்சி மாணவர். அவர்கிட்ட ராக்கெட் கிடையாது, ஸ்புட்னிக் போறதுக்கு இன்னும் சில வருஷம் இருக்கு. அயனமண்டலத்துக்குக் கீழேருந்து ரேடியோ துடிப்ப அனுப்பி எதிரொலி வாங்கற முறைல சுமார் 300 கிலோமீட்டர் உயரம், அதாவது அடர்த்தி உச்சம் தொடுற இடம் வரைக்கும்தான் பாக்க முடியும், அதுக்கு மேல என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது, பெருசா ஒண்ணும் இருக்காதுன்னுதான் நினைச்சாங்க. அவரு விசில்கள உக்காந்து அளந்துக்கிட்டே இருந்தார். அதுல ரெண்டு ஜாதி இருக்கறது தெரிஞ்சுச்சு. ஒரு ஜாதி விசிலுக்கு முன்னாடி ஒரு க்ளிக் கேக்கும், அது நீளமா இழுபடும். இன்னொண்ணுக்கு முன்னாடி க்ளிக்கே இருக்காது, அது குட்டையா இருக்கும். நீள விசிலோட இழுவை குட்டையோடத விட சரியா ரெண்டு மடங்கு.

சில சமயம் ஒரே விசில் திரும்பத் திரும்ப எதிரொலிச்சு வரும், அதுங்களோட இழுவைய வரிசையா எழுதிப் பாத்தா க்ளிக் இல்லாத ஜாதில ஒண்ணு, மூணு, அஞ்சுன்னு போகுது, க்ளிக் இருக்கற ஜாதில ரெண்டு, நாலு, ஆறுன்னு போகுது. நான் முதல் தடவை இதப் படிச்சப்ப புத்தகத்த மூடி வச்சுட்டு, அது ஏன்னு என்னால சொல்ல முடியுதான்னு பாக்கணும்னு உக்காந்தேன். மின்னல் நம்ம பக்கத்துலயே விழுந்தா க்ளிக் நேரா கேட்டுடும், அலை மட்டும் மேல ஏறி எங்கயோ ஒரு மறுகரைக்குப் போய் திரும்பி வருது, போக ஒண்ணு வர ஒண்ணு, ஆக ரெண்டு, அப்புறம் மறுபடி போயிட்டு வந்தா நாலு, ஆறு. மின்னல் அந்த மறுகரைல விழுந்தா அதோட க்ளிக் நமக்குக் கேக்காது, அலை ஒரு வழிப் பயணமா வந்து சேருது, ஒண்ணு, அப்புறம் போயிட்டு வந்து மூணு, அஞ்சு. அந்த மறுகரை எது? பூமியோட காந்தப்புலக் கோடு ஒண்ணு நம்ம ஊருக்குப் பக்கத்துல மேல கிளம்பி, விண்வெளில வில்லா வளைஞ்சு, எதிர் அரைக்கோளத்துல இறங்குற இடம். விசில் அந்தக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டுதான் போயிட்டு வருது.

பாதை தெரிஞ்சுட்டா இழுவைலேருந்து அடர்த்திய கணக்குப் போட்டுடலாம். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல, ஒண்ணுமே இல்லன்னு நினைச்ச இடத்துல, ஒரு கன சென்டிமீட்டருக்கு சுமார் 400 எலக்ட்ரான் வந்துச்சு. 1953ல அந்தக் கட்டுரை வந்தப்ப பலருக்கு நம்ப முடியல, கொஞ்ச வருஷத்துல வட பசிபிக்ல அலூஷன் தீவுலயும் அதோட காந்த எதிர்முனைப் பக்கமா நியூசிலாந்துலயும் ஒரே நேரத்துல பதிவு பண்ணிப் பாத்து, ஒரே விஸ்லர் ரெண்டு பக்கமும் மாறி மாறி வர்றத உறுதி பண்ணாங்க. பூமியோட வாயுமண்டலத்துக்கு வெளிய இவ்வளவு பெரிய ஒரு பிளாஸ்மாப் பகுதி இருக்குங்கறத மனுஷன் முதல்ல காதால கண்டுபிடிச்சான்னு நினைச்சாலே எனக்கு இன்னிக்கும் உடம்பு சிலிர்க்கும். 1963ல ஸ்டான்ஃபோர்ட்ல டான் கார்பென்டர் அதே விஸ்லர்கள வச்சே இன்னொண்ணு காமிச்சார், அந்தப் பிளாஸ்மா மெதுவா குறைஞ்சுக்கிட்டே போகாம, சுமார் நாலு பூமி ஆரத் தூரத்துல திடீர்னு பத்து மடங்கு, நூறு மடங்குன்னு விழுந்துடுது. அந்த விளிம்புக்குத்தான் இப்போ பிளாஸ்மாபாஸ்னு பேரு.

மோதாம எப்படி மாறும்?

இப்போ அக்கா பொண்ணோட கேள்விக்கு வர்றேன். வெளிப்பட்டைல இருக்கற ஒரு எலக்ட்ரான் மூணு ஆட்டம் ஒண்ணா ஆடுது. காந்தப்புலக் கோட்டைச் சுத்தி ஒரு செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை சுழலுது, அந்தக் கோட்டோட ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் ஒரு செகண்டுக்குள்ள போயிட்டு வந்துடுது, இது ரெண்டையும் பண்ணிக்கிட்டே பூமிய மொத்தமா ஒரு பத்து பதினைஞ்சு நிமிஷத்துல ஒரு சுத்து சுத்திடுது. அங்க துகள்கள் அவ்வளவு இடைவெளி விட்டு இருக்கறதால ஒண்ணோட ஒண்ணு மோதறது அநேகமா கிடையாது. மோதல் இல்லன்னா அந்த எலக்ட்ரான் சக்தி கூடவும் கூடாது, குறையவும் குறையாது, வருஷக்கணக்குல அதே சுத்துதான். ஆனா நிஜத்துல அப்படி இல்ல, மணிக்கணக்குல எல்லாம் மாறுது. அப்போ யாரோ தொடறாங்க. யாரு?

அலைதான். அந்தக் கீச்சு, அதாவது கோரஸ் அலைல மின்புலமும் காந்தப்புலமும் எலக்ட்ரான் சுழலுற அதே திசைல சுழலுது. எலக்ட்ரான் அலைக்கு எதிர்த்தாப்புல ஓடி வர்றப்ப, ஓட்டத்தால மாறின அலையோட ஃப்ரீக்வென்சியும் எலக்ட்ரான் சுழலுற வேகமும் பொருந்திட்டா, அந்த எலக்ட்ரான் கண்ணுக்கு அலையோட புலம் சுழலாம ஒரே பக்கமா நிக்குது. நின்னு தள்ளிக்கிட்டே இருக்குது, இல்லாட்டி இழுத்துக்கிட்டே இருக்குது. அலையோட பலம் ஒண்ணும் பெருசு இல்ல, 100 பிகோடெஸ்லா (காந்தப்புலத்த அளக்கற அலகு) கோரஸ்னா அது அந்த இடத்துல இருக்கற பூமியோட காந்தப்புலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு அளவுகூட வராது. ஆனா விடாம ஒரே பக்கம் தள்ளினா அது போதும். வேற இடத்துல மோதல் பண்ற வேலைய இங்க அலை பண்ணுது, இதுதான் நான் சொல்ல வந்ததோட சாரம்.

அதுலயும் கோரஸ் பண்ற வேலை இருக்கே, அது ரெண்டு கையாலயும் பண்ற வேலை. காந்தப்புயல் நேரத்துல பூமியோட இருட்டுப் பக்கத்துலேருந்து பத்து, நூறு கிலோ எலக்ட்ரான்வோல்ட் (துகளோட சக்திய அளக்கற அலகு) அளவு சக்தி உள்ள எலக்ட்ரான் கூட்டம் உள்ள வந்து விழுது, அது கிழக்கால நகர்ந்து விடியற பக்கமா வருது, அதுலேருந்துதான் கோரஸ் அலை சக்தி உறிஞ்சி வளருது, அதனாலதான் விடியக்காலைப் பக்கம் கோரஸ் அதிகம். வளர்ந்த அலை, சக்தி கொடுத்த அந்த எலக்ட்ரான்கள்லயே பலத அதோட பாதையக் கெடுத்து வாயுமண்டலத்துக்குள்ள தள்ளிடுது, அதுங்க விழுற இடத்துல வானத்துல திட்டுத்திட்டா அணைஞ்சு எரியற ஆரோரா தெரியுது, 2016 கடைசில போன ஜப்பானோட அராசே சாட்டிலைட் இத நேரடியாவே பாத்து 2018ல சொல்லிடுச்சு. அதே நேரத்துல அதே அலை, ஏற்கனவே கொஞ்சம் வேகமா இருக்கற சில எலக்ட்ரான்களுக்கு சக்தி ஏத்தி ஏத்தி மில்லியன் எலக்ட்ரான்வோல்டுக்கு மேல கொண்டு போயிடுது, சாட்டிலைட் உலோகத்தையே துளைச்சுக்கிட்டு உள்ள போற அளவுக்கு. சாட்டிலைட் ஓட்டுறவங்க பயப்படறது இந்தக் கூட்டத்துக்குத்தான்.

இது ரொம்ப நாளா வாதமாவே இருந்துச்சு. வெளிலேருந்து உள்ள இழுபட்டு வர்றப்பதான் எலக்ட்ரானுக்கு சக்தி ஏறுதுன்னு ஒரு கட்சி, பட்டைக்குள்ளயே அலைதான் ஏத்துதுன்னு இன்னொரு கட்சி. தீர்ப்பு எப்படி வந்துச்சுன்னா, வெளிலேருந்து வந்ததுன்னா வெளி ஓரத்துல அதிகமாவும் உள்ள போகப் போகக் குறைவாவும் இருக்கணும், அங்கயே உருவாச்சுன்னா நடுவுல மேடு தட்டணும். 2012 அக்டோபர் புயல்ல வான் ஆலன் ப்ரோப்ஸ் ரெண்டும் பட்டைக்குள்ள போயிட்டு வந்துக்கிட்டே இருந்துச்சு, நடுவுலதான் மேடு, அதுவும் நேரம் போகப் போக வளருது. 2013ல கட்டுரை வந்துச்சு. வெளிலேருந்து வர்ற கதை பொய்னு ஆயிடல, அதுவும் நடக்குது, ஆனா அன்னிக்கு ஏத்தினது அலைதான்.

ஹிஸ் பத்தி சுருக்கமா சொல்றேன். அது பிளாஸ்மாபாஸுக்கு உள்பக்கம் இருக்கறது, ஏத்த இறக்கம் எதுவும் இல்லாம ஸ்ஸ்ஸ்னு ஒரே இரைச்சல், கேக்க எந்த அழகும் கிடையாது. ஆனா ரெண்டு பட்டைக்கு நடுவுல இருக்கற காலி இடத்த உண்டாக்குறது பெரும்பாலும் இதுதான்னு 1970களோட ஆரம்பத்துலயே லயன்ஸ், தோர்ன், கென்னல் மூணு பேரும் கணக்குப் போட்டுக் காமிச்சாங்க. இந்த ஹிஸ்ஸே எங்கேருந்து வருதுங்கற கேள்விக்கு 2008ல வந்த பதில் எனக்கு ரொம்பப் பிடிச்சது, வெளில பிறந்த கோரஸ் அலைல ஒரு பகுதி சுத்தி வளைஞ்சு பிளாஸ்மாஸ்பியருக்குள்ள (பிளாஸ்மாபாஸுக்கு உள்ள இருக்கற அடர்த்தியான பகுதி) புகுந்து, அங்கயே முட்டி முட்டிக் கலந்து ஹிஸ்ஸா ஆயிடுதாம். மின்னலும் சும்மா இல்ல, அது அனுப்புற விஸ்லரும் போற வழில எலக்ட்ரான்கள வாயுமண்டலத்துக்குள்ள தள்ளிவிடுது. கீழ பெய்யற இடிமழைக்கும் மேல இருக்கற கதிர்வீச்சுப் பட்டைக்கும் இப்படி ஒரு தொடுப்பு.

1962ல நடந்தது

"இருந்தா என்ன இல்லாட்டி என்ன"ங்கறதுக்கு மனுஷனே ஒரு தடவை விடை தேடி வச்சுட்டான், வேணும்னு இல்ல, விபரீதமா. 1962 ஜூலை 9ஆம் தேதி அமெரிக்கா பசிபிக் மேல 400 கிலோமீட்டர் உயரத்துல 1.4 மெகாடன் அணுகுண்ட வெடிச்சுச்சு, ஸ்டார்ஃபிஷ் பிரைம்னு பேரு. அதுல கொட்டின எலக்ட்ரானெல்லாம் காந்தப்புலத்துல மாட்டிக்கிட்டு ஒரு செயற்கைப் பட்டையா நின்னுடுச்சு. அடுத்த நாள் போன டெல்ஸ்டார் சாட்டிலைட்டும், அதுக்கு முன்னாடியே சுத்திக்கிட்டிருந்த பிரிட்டனோட ஏரியல் 1ம் அதுல அடிபட்டுச்சு. அந்த எலக்ட்ரான் ஒரு உயரத்துல சீக்கிரம் தீர்ந்துச்சு, இன்னொரு இடத்துல வருஷக்கணக்குல கிடந்துச்சு. அலை எங்க பலமா வேலை பாக்குதோ அங்க துப்புரவு ஆயிடுது, பலவீனமான இடத்துல அப்படியே தங்கிடுது. இன்னிக்கு ஜிபிஎஸ் மாதிரி வழிகாட்டி சாட்டிலைட்டுங்க வெளிப்பட்டை நடுவுல போயிட்டு வர்றப்ப அதுங்களுக்கு எவ்வளவு கவசம் போடணும்னு யோசிக்கறவங்க எல்லாரும் இந்த அலைங்களோட கணக்கத்தான் நம்பி இருக்காங்க.

இவ்வளவு நிஜமான விஷயம் இருக்கறப்ப, 7.83 ஹெர்ட்ஸ் பூமியோட இதயத்துடிப்பு, இந்த டாலர மாட்டிக்கிட்டா உடம்பு சரியாகும்னு விக்கறவங்களப் பாத்தா எனக்குக் கோவம்தான் வருது. ஷூமன் அதிர்வு உண்மைதான், பூமிக்கும் அயனமண்டலத்துக்கும் நடுவுல இருக்கற இடத்துல உலகத்து மின்னலெல்லாம் சேர்ந்து எழுப்பற அலை அது, ஷூமன் 1952ல கணிச்சார், 1960ல அளந்தாங்க. உலகத்துல மின்னல் எங்க எவ்வளவு அடிக்குதுன்னு அத வச்சுக் கவனிக்கறாங்க, அது போதாதா? அதுக்கு மேல ஒரு மருத்துவத்த ஏத்தி வச்சு நிஜத்த மறைக்கணுமா?

ஏன் அது ஏறுது

மிச்சம் இருக்கற பெரிய கேள்வி அந்தக் கீச்சோட வடிவம். கோரஸ் ஒவ்வொண்ணும் ஒரு செகண்டுக்கும் குறைவான நேரத்துல கீழேருந்து மேல ஏறுது, ஏன் ஏறணும்? அலை ஓரளவு பலமானதும் சில எலக்ட்ரான்கள அது தன் கூடவே சிறைபிடிச்சுடுது, வேகத்தையும் திசையையும் வச்சு எலக்ட்ரான்கள வரிசைப்படுத்திப் பாத்தா அதுல ஒரு ஓட்டை விழுது, அந்த ஓட்டைதான் அடுத்தடுத்து உயர்ந்த ஃப்ரீக்வென்சிய எழுப்பிக்கிட்டே போகுதுன்னு ஒரு கோட்பாடு இருக்கு. 2025 ஜனவரில நேச்சர் இதழ்ல வந்த கட்டுரை அந்த ஓட்டைய நேரடியா அளந்ததா சொல்லுது, நாசாவோட எம்எம்எஸ் சாட்டிலைட்டுங்க எடுத்த தரவு. அதுவும் எங்கன்னா, பூமிலேருந்து 1,60,000 கிலோமீட்டருக்கு மேல, காந்தப்புலம் இழுபட்டு வாலா நீண்டிருக்கற இடத்துல. பூமிக்குப் பக்கத்துல இருக்கற அந்த ஒழுங்கான வளைவு இருந்தாத்தான் கோரஸ் உருவாகும்னு பலர் நினைச்சிருந்தாங்க, அது இனி அவ்வளவு உறுதியா சொல்ல முடியாது.

இதெல்லாம் பாக்கறப்ப எனக்கு ஒரு ஆசை இருக்கு. அலைய அளக்கற சாட்டிலைட்டுங்க பெரும்பாலும் சில செகண்டுக்கான சராசரியத்தான் கீழ அனுப்புது, முழு அலைவடிவத்த அப்பப்ப கொஞ்ச நேரத்துக்கு மட்டும்தான், ஏன்னா டேட்டா அனுப்பற வசதி குறைவு. ஆனா ஒரு கீச்சோட ஆயுளே ஒரு செகண்டுக்குள்ள. சராசரி எடுத்தா ஏத்தமும் போயிடும், எலக்ட்ரான சிறைபிடிக்கற அந்தக் கணமும் போயிடும். வான் ஆலன் ப்ரோப்ஸ் எரிபொருள் தீர்ந்து 2019ல நின்னு போச்சு. அடுத்து அந்தப் பட்டைக்குள்ள எது போனாலும், அது கேமரா கொண்டு போகட்டும் போகாம இருக்கட்டும், ஸ்டோரி கேட்ட மாதிரி விட்டுப்போகாம முழுசா கேக்கற ஒரு ரிசீவரக் கொண்டு போகணும், அதுல பதிவாகறது மொத்தமும் கீழ வர்றதுக்கு வழியும் பண்ணணும்.